அறுபத்து நான்கு ஒயர்கள்

பிப்ரவரி 4

அன்புள்ள குண்டூசிக்கு,

இங்கே எல்லாரும் நடமாடிக்கொண்டுதான் இருக்கிறோம். உன் அண்ணிக்கு இடுப்புப் பிடிப்பு விட்டுவிட்டது. எனக்குத்தான் குளிர்பதனக் கிடங்குக்கு உள்ளேயும் வெளியேயும் போய் வந்து மூக்கு ஒழுகுவது நிற்கவில்லை. உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் ஆன பிறகு சொட்டு மருந்து வேளாவேளைக்கு விடுகிறாயா?

விஷயத்துக்கு வருகிறேன். கம்பெனியில் எனக்கு வேறு வீடு கொடுத்துவிட்டார்கள். வாசலிலேயே தகரக் கொட்டகை, ஒரு கார் தாராளமாக நிற்கும். "நிறுத்தறதுக்கு உனக்குன்னு ஒரு கூரை வரட்டும், வண்டிய எடுத்துட்டுப் போ" என்று அப்பா சொல்லி, காகிதங்களை என் பேருக்கு மாற்றிக் கொடுத்து ஐந்து வருஷம் ஆகிறது. கூரை வந்துவிட்டது. ஜூன் முதல் வாரம் லீவு போட்டு வந்து நானே ஓட்டிக்கொண்டு போகப் போகிறேன்.

ஆனால் இப்போது இருக்கிற வயரிங்கோடு கிளப்பினால் தெருமுனையிலேயே புகை வரும். போன தடவை அப்பா குளிக்கப் போயிருந்த நேரத்தில் பானெட்டைத் தூக்கிப் பார்த்தேன். ஒயரை விரலால்தான் தொட்டேன், மேலே இருந்த ரப்பர் ரஸ்க் மாதிரி உதிர்ந்தது. உள்ளே செம்பெல்லாம் பச்சை பூத்துக் கிடக்கிறது. பெட்ரோல் பங்க் பக்கத்தில் இருக்கிற எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மொத்தத்தையும் சரிபார்க்கச் சொல். அப்பாவைக் குனிய விடாதே. நீயும் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு கிட்டே போய்விடாதே.

உனக்கு நினைவிருக்கும், அந்த வண்டியில் எனக்குக் கிடைத்த ஒரே உத்தியோகம் டார்ச் பிடிப்பது. அதையும் ஒழுங்காகப் பிடித்ததாக அவர் ஒருநாளும் சொன்னதில்லை. போகட்டும், இனிமேல் நானே பிடித்து நானே பார்த்துக்கொள்வேன்.

அப்பாவுக்கு என் வணக்கம். நீ வேளைக்குச் சாப்பிடு.

உன் அண்ணன்

பிப்ரவரி 21

அன்புள்ள அண்ணா,

மூக்கு ஒழுகுகிறதென்று எழுதியதைப் படித்ததும் அப்பா, "மப்ளர் கட்டச் சொல்லு" என்றார். சொல்லிவிட்டேன். அவர் கண் தேறிவருகிறது. தூரத்தில் இருப்பது துல்லியமாகத் தெரிகிறது. கிட்டத்தில்தான் எழுத்தும் நிறமும் கலங்கலாகத் தெரிகிறதாம். அதனால் உன் கடிதத்தை வழக்கம்போல நான்தான் படித்துக் காட்டினேன். என் முதுகு இருக்கிற இடத்தில் இருக்கிறது.

எலக்ட்ரீஷியன் வந்தார். டாஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டவர் ஐந்து நிமிஷம் வெளியே வரவே இல்லை. வந்ததும், "இதுல ஒட்டுப் போட ஒண்ணுமில்ல, மொத்த ஒயர்க் கட்டையும் புதுசா போடணும். இந்த மாடலுக்கு அது வர்றதில்ல. பேசாம எடைக்குப் போட்டுடுங்க" என்றார். அவ்வளவுதான். முப்பது வருஷம் துறைமுகத்தில் கிரேன் மேலிருந்து கத்திப் பழகிய குரல் உனக்குத் தெரியாதா? அந்த ஆள் ஸ்க்ரூ டிரைவரை விட்டுவிட்டே போய்விட்டார்.

பிறகு அப்பா நேரே என் தையல் அறைக்கு வந்தார். நான் துணி வெட்டும் மேசையை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, "இது எத்தனை அடி?" என்று கேட்டார். பதினொன்று என்றேன். மறுநாள் காலையில் நான் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் மேசையில் இருந்த துணியெல்லாம் நாற்காலிக்குப் போயிருந்தது. வண்டியின் ஒயர்க் கட்டு முழுசாக, தலை முதல் வால் வரை, என் மேசைமேல் படுத்திருந்தது. பழுப்புத் தாளை அடியில் விரித்து அப்படியே வரைந்து எடுக்கச் சொன்னார். சட்டைக்கு மாதிரித்தாள் வெட்டுவது போலத்தான். எந்தக் கிளை எங்கே பிரிகிறது, எத்தனை நீளம், எல்லாம் தாளில் வந்துவிட்டது. அவர் சொல்லச் சொல்ல நான் வெட்டுகிறேன். வாடிக்கையாளர்கள் துணி கேட்டு வந்து நிற்கிறார்கள்.

அண்ணிக்கு இடுப்பில் வெந்நீர் ஒத்தடம் விடாமல் கொடுக்கச் சொல்.

குண்டூசி

மார்ச் 2

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணி இடுப்பு பரவாயில்லை. என் மூக்கைப் பற்றிக் கேட்டதற்கு நன்றி.

யார் பானெட்டைத் திறந்தது? அப்பாவா, நீயா? சாவியை அவரே உன் கையில் கொடுத்தாரா? தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன், வேறொன்றுமில்லை.

இது சட்டை அல்ல. ஹெட்லைட்டுக்குப் போகிற ஒயர் தடிமனாக இருக்க வேண்டும், மெல்லியதைப் போட்டால் சூடேறி உருகும். ஒவ்வொரு வழிக்கும் தனித்தனி ஃப்யூஸ் வேண்டும். முறுக்கி டேப் சுற்றி விடுகிற வேலையே கூடாது, ஈயம் வைத்துப் பற்றவைக்க வேண்டும். பேட்டரியைக் கழற்றினீர்களா? முதலில் அதைப் பார். கிடங்கில் பதினாறு கம்ப்ரஸர் என் பொறுப்பில் ஓடுகிறது. எனக்குத் தெரியும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இன்னும் நல்லது, இத்தோடு நிறுத்திவிடுங்கள். ஒயர்க் கட்டை அப்படியே ஒரு கோணிப்பையில் போட்டு வை. ஜூனில் நான் வந்ததும் அப்பாவும் நானும் உட்கார்ந்து செய்துகொள்கிறோம். உனக்கும் தையல் வேலை கெடாது.

ஒன்று கேட்க வேண்டும். வேலை நடக்கும்போது அப்பா என்னைப் பற்றி ஏதாவது சொன்னாரா? சும்மாதான் கேட்கிறேன்.

உன் அண்ணன்

மார்ச் 30

அன்புள்ள அண்ணா,

பதில் தாமதமாகிவிட்டது, கோபிக்காதே. அப்பாவுக்கு நான்கு நாள் இருமல், இப்போது தேவலை. அங்கே எல்லாருக்கும் உடம்பு சுகந்தானே?

நிறுத்தச் சொல்லியிருந்தாய். உன் கடிதம் வருவதற்கு முன்பே பழைய கட்டைப் பிரித்துவிட்டோம், அதனால் நிறுத்த முடியவில்லை. அறுபத்து நான்கு ஒயர்கள் அண்ணா. ஒவ்வொன்றின் இரண்டு முனையிலும் துண்டுத்துணியில் நம்பர் தைத்துக் கட்டியிருக்கிறேன். இடது பக்கத்துக்கு நீலக்கட்டம், வலது பக்கத்துக்கு மஞ்சள். அப்பாவுக்கு ஒயரின் நிறம் தெரிவதில்லை, ஆனால் துணியைத் தடவிப் பார்த்தே சொல்லிவிடுகிறார். நீ சொன்ன ஈயம், தடிமன், ஃப்யூஸ் எல்லாம் அவரும் சொன்னார். பேட்டரி சமையலறை ஜன்னலடியில் இருக்கிறது.

பற்றவைக்க இரண்டு நாளில் பழகிவிட்டேன். முதலில் ஈயம் உருண்டு உருண்டு விழுந்தது. ஒயரைச் சூடாக்கு, ஈயத்தைச் சூடாக்காதே என்றார் அப்பா. அப்புறம் நூல் கோத்த மாதிரி ஓடியது. நேற்று எதிர்வீட்டு டாக்டரைக் கூட்டிக்கொண்டு வந்து என் இணைப்பு ஒன்றை இழுத்துப் பார்க்கச் சொன்னார். அவர் இழுத்தார், பிரியவில்லை. "ரெண்டு ஆளு இழுத்தாலும் வராது, எம்பொண்ணு போட்டது" என்று என் காது கேட்கவே சொன்னார். எனக்கு நாற்பது வயசாகிறது, நேற்று முழுக்க நான் தரையில் நடக்கவில்லை.

நீ கேட்டிருந்தாயே, உன்னைப் பற்றி ஏதாவது சொன்னாரா என்று. ஒன்றும் சொல்லவில்லை.

அண்ணிக்கு என் அன்பு. குளிரில் நிற்காதே.

குண்டூசி

ஏப்ரல் 6

தங்கைக்கு,

இங்கே சுகம். அங்கேயும் சுகம் என்று தெரிகிறது. தெரிந்துகொள்ளத்தான் நான்கு வாரமாகிவிட்டது.

எதிர்வீட்டு டாக்டருக்கு வேறு வேலை இல்லை போலிருக்கிறது. அவர் இழுக்கிற இழுப்புக்குக் கையுறை நூல்கூடப் பிரியாது. அதை ஒரு சான்றிதழாக எழுதி அனுப்பியிருக்கிறாய். உன்னைத் தலையில் தூக்கிவைத்து ஆடுகிற மனுஷர், நான் இந்த வேலையில் சேர்ந்த அன்று எத்தனை மணிக்கு பஸ் என்று கேட்டார், அவ்வளவுதான்.

உன் கடிதத்தை அண்ணியிடம் படித்துக் காட்டினேன். எனக்குப் பொறாமை என்கிறாள். பொறாமைப்பட என்ன இருக்கிறது? வண்டி என் பேரில் இருக்கிறது. என்னைக் கேட்காமல் என் வண்டியைக் குடலெடுத்து மேசையில் பரப்பியிருக்கிறீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

மே இரண்டாம் தேதி எங்கள் கிடங்கு லாரி உங்கள் ஊர் வழியாகக் காலியாகத் திரும்புகிறது. டிரைவரிடம் சொல்லிவிட்டேன். எந்த நிலையில் இருந்தாலும் ஏற்றி அனுப்பிவிடு. பாக்கியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அப்பாவுக்கு இருமல் மருந்து மாற்றிப் பார்.

அண்ணன்

ஏப்ரல் 25

தங்கைக்கு,

பதில் இல்லை. மே இரண்டு, மறந்துவிடாதே. அப்பா இருமல் எப்படி?

அண்ணன்

மே 5

அன்புள்ள அண்ணா,

அப்பாவுக்கு இருமல் நின்று பத்து நாளாகிறது. எனக்குக் கட்டைவிரலில் சூட்டுக்காயம், ஆறிவிடும். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?

உன் லாரி வெறுமையாக வந்து சேர்ந்திருக்கும். என்ன நடந்ததென்று டிரைவர் ஒரு மாதிரி சொல்லியிருப்பார், நானும் சொல்லிவிடுகிறேன். அவர் வந்தபோது வண்டிக்கு டாஷ்போர்டு இல்லை, அது என் அயர்ன் மேசையில் இருந்தது. அப்பா கேட்டருகே போய் நின்றார். "வேலை முடியல. முடிஞ்சப்புறம் யார் வேணும்னாலும் எடுத்துக்கட்டும், அரைகுறையா அனுப்ப மாட்டேன்" என்றார். டிரைவருக்கு டீ கொடுத்து அனுப்பினோம். லாரியை நீதான் அனுப்பினாய் என்பதே அப்பாவுக்கு அப்போதுதான் தெரியும். உன் ஏப்ரல் கடிதத்தை அவருக்குப் படித்தபோது பாதியை நானே இட்டுக்கட்டிப் படித்தேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். முதலில் என்ன இட்டுக்கட்டினேன் என்று மறந்துபோய் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

எப்போதும் அப்படித்தான் அண்ணா. உன் கடிதம் எல்லாமே இந்த வீட்டில் இரண்டு தடவை படிக்கப்படுகிறது. தபால்காரர் வருகிற அன்று அப்பா ஷேவ் செய்துகொள்கிறார், நீயே வருகிற மாதிரி. பக்கத்து அறையில் இருபத்திரண்டு வருஷமாக மெஷின் மிதிக்கிறவளை யாரும் படிப்பதில்லை. உன்னை மட்டும் படி படி என்று அனுப்பினார். என்னைத் தைக்கச் சொன்னார். இப்போதுதான் இரண்டு மாதமாக என் பக்கம் திரும்பியிருக்கிறார். அதற்குள் உனக்கு மூக்கில் வியர்த்து லாரி அனுப்புகிறாய்.

சரி, நல்ல செய்தியும் இருக்கிறது. நேற்று எல்லாம் பூட்டி பேட்டரியைக் கொடுத்தோம். ஹெட்லைட் எரிந்தது, கண் கூசுகிற வெளிச்சம். பிரேக் விளக்கு எரிந்தது. இடது இண்டிகேட்டரைப் போட்டேன், வலது பக்கம் கண் சிமிட்டியது. வலதைப் போட்டேன், இடது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்புறம்தான் உறைத்தது. துணிக்கு உள்பக்கத்தைத்தானே மேலே வைத்துக் கோடு போடுவோம், அதே கைப்பழக்கத்தில் ஒயர்க் கட்டையும் குப்புறப் போட்டு வரைந்திருக்கிறேன். இரண்டு கையையும் மாற்றி வைத்துத் தைத்த சட்டை. திட்டு விழப்போகிறதென்று நின்றேன். அப்பா சிரித்தார். படிக்கட்டில் உட்கார்ந்து, முழங்காலைத் தட்டிச் சிரித்தார். "தையக்காரி வண்டின்னா இப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். கண்ணில் விட்ட மருந்தெல்லாம் வெளியே வந்திருக்கும். சுவிட்சில் இரண்டு ஒயரை மாற்றிப் போட்டேன், ஐந்து நிமிஷத்தில் சரியாகிவிட்டது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

குண்டூசி

மே 14

என் குண்டூசிக்கு,

விரல் காயத்துக்குத் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள். ஈயச் சூடு சுலபத்தில் ஆறாது.

உன் கடிதத்தில் மற்றதெல்லாம் ஒரு தடவை படித்தேன். அவர் சிரித்த இடத்தை மட்டும் எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. அண்ணி சொன்னது சரிதான். நாள் முழுக்க மைனஸ் பதினெட்டில் நிற்கிறேன், வயிறு மட்டும் எரிகிறது.

வண்டி ஒரு பொருட்டே இல்லை. அப்பா உன்னைப் பாராட்டியதைக்கூட விழுங்கிவிட்டேன். ஆனால் நீ தப்புச் செய்தாய், அதற்கு அவர் சிரித்தார். எனக்குப் பன்னிரண்டு வயசில் ஒரு பல்பை மாற்றச் சொன்னார். கோணலாகத் திருகி உடைத்துவிட்டேன். ஒரு வார்த்தை திட்டவில்லை. கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை வாங்கிக்கொண்டு, "நீ போய்ப் படி, இது உனக்கு வேணாம்" என்றார். அன்றிலிருந்து அவர் முன்னால் நான் தப்பே செய்ததில்லை. செய்வதற்கு எதையும் கையில் கொடுத்தால்தானே? நான் படித்தேன் என்று உனக்குப் பொறாமை. என்னை அனுப்பிவிட்டார் என்று எனக்குப் பொறாமை. நாம் இரண்டு பேரும் நன்றாக வளர்ந்திருக்கிறோம் போ.

வண்டி உனக்கே. காகிதங்களில் கையெழுத்துப் போட்டு இத்தோடு ரெஜிஸ்டர் தபாலில் அனுப்பியிருக்கிறேன். கோபத்தில் அனுப்பவில்லை, செய்தவள் வைத்துக்கொள்வதுதான் முறை. ஜூனில் நான் வரவில்லை. வந்து, நீங்கள் இருவரும் முன் சீட்டில் உட்கார்ந்திருப்பதைப் பின் சீட்டிலிருந்து பார்க்கிற அளவுக்கு எனக்கு மனசு பெரிதில்லை. லீவு கிடைக்கவில்லை என்று அவரிடம் சொல்லிவிடு.

அண்ணன்

மே 27

அன்புள்ள அண்ணா,

நலம். அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

காகிதங்கள் வந்து சேர்ந்தன. ரொம்ப நன்றி. தெருமுனை வரை ஓட்டிப் பார்த்தேன், எந்தக் குறையும் இல்லை. லீவு கிடைக்கவில்லை என்று நீ சொன்னபடியே அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அன்றைக்கு அவர் ஷேவ் செய்திருந்தார்.

விரல் ஆறிவிட்டது.

தங்கை

ஜூன் 22

அன்புள்ள அண்ணா,

எல்லாரும் சௌக்கியம் என்று எழுதினால் பொய்யாகிவிடும். அப்பாவுக்கு உடம்பில் ஒன்றுமில்லை, ஆனால் எட்டு நாளாகச் சரியாகப் பேசுவதில்லை. நானும் சாப்பிடுகிறேன், தைக்கிறேன், அவ்வளவுதான். நீ இதை உட்கார்ந்து படி.

அறுபத்து நான்கு ஒயர் போட்டேன் என்று எழுதினேனே, பொய். அறுபத்து மூன்றுதான்.

மார்ச் மாதம் பழைய கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தோம். ஸ்டீயரிங்குக்கு அடியில் ஹாரன் ஒயர் வருகிற இடத்தில் ஒரு ஒட்டு இருந்தது. இரண்டு முனையையும் தலைகீழாக முறுக்கி, மேலே காயத்துக்குப் போடுகிற பிளாஸ்திரியைச் சுற்றி வைத்திருந்தது. அப்படி ஒரு அசிங்கமான ஒட்டை நான் பார்த்ததில்லை. வெட்டப் போனேன். அப்பா என் மணிக்கட்டைப் பிடித்தார். கிட்டத்தில் கண் தெரியாதவர், விரலாலேயே தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அது அவன் போட்டது. பதினாலு வயசுல, நான் டூட்டிக்குப் போயிருந்தப்போ. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுட்டிருக்கான். அது இருக்கட்டும்."

வண்டியில் மற்ற எல்லா ஒயரையும் அவரே இரண்டு தடவை மூன்று தடவை மாற்றியிருக்கிறார் அண்ணா. அதை மட்டும் தொடவில்லை. ஏன் அவனிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா, பிரிச்சு ஒழுங்காப் போடறேன்னு நிப்பான்" என்றார். என் கையை உடனே விடவில்லை.

அறுபத்து மூன்று ஒயரை விரல் வேக நான் பற்றவைத்தேன். அவர் வைத்துக் காப்பாற்றியது நீ போட்ட ஒன்றை. அந்த மாதமே உட்கார்ந்துதான், அவர் உன்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்று உனக்கு எழுதினேன். டாக்டர் இழுத்த கதையைப் பக்கம் பக்கமாக எழுதத் தெரிந்த எனக்கு இந்த இரண்டு வரியை எழுத மனசு வரவில்லை. பிறகு நீ பல்பு உடைந்த கதையை எழுதினாய். அப்போதாவது சொல்லியிருக்கலாம். நன்றி என்று எழுதி, காகிதங்களைப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். பொறாமைதான், அதற்கு வேறு பேர் இல்லை.

இன்னும் முடியவில்லை. வண்டி ஓட ஆரம்பித்த பிறகு தினமும் சாயங்காலம் அப்பா முன் சீட்டில் என் பக்கத்தில் வந்து உட்காருவார். கிளம்புமுன் கையை நீட்டி ஒரு தடவை ஹாரனை அழுத்துவார். ஒரே ஒரு தடவை. மற்றவர்களுக்கு அது ஹாரன். எனக்கு அது என்னவென்று தெரியுமே. போன வாரம் வெள்ளிக்கிழமை அவர் வெளியே போயிருந்தபோது கட்டிங் பிளேயரை எடுத்துக்கொண்டு ஸ்டீயரிங்குக்கு அடியில் படுத்தேன். அந்த ஒட்டை இரண்டு பக்கமும் வெட்டி எடுத்துவிட்டேன். புது ஒயர் போட்டு அழகாகப் பற்றவைத்து, இது பழுதாகிவிட்டது என்று சொல்லிவிடலாம் என்றிருந்தேன். அதற்குள் அவர் வந்துவிட்டார்.

உட்கார்ந்தார், அழுத்தினார், சத்தம் வரவில்லை. குனிந்து கையை விட்டுத் தடவினார். வெட்டின முனை கையில் பட்டிருக்கும். திட்டுவார் என்று காத்திருந்தேன், கத்துவார் என்று காத்திருந்தேன். "அவன் எப்போ வரான்?" என்று மட்டும் கேட்டார். கதவைச் சாத்திவிட்டு உள்ளே போய்விட்டார். லீவு கிடைக்கவில்லை என்று நான் சொன்னதை அவர் அன்றைக்கும் நம்பவில்லை, இன்றைக்கும் நம்பவில்லை.

எட்டு நாளாக முயற்சி செய்கிறேன் அண்ணா. முறுக்கிப் பார்த்தேன், தலைகீழாக முறுக்கிப் பார்த்தேன், பிளாஸ்திரி வாங்கி வந்து சுற்றிப் பார்த்தேன். எப்படிப் போட்டாலும் அது என் வேலையாகவே வந்து நிற்கிறது, அவர் விரலுக்குத் தெரிந்துவிடும். உன் அளவுக்கு மோசமாகப் போட என்னால் முடியாது. நீ வா. வந்து உன் கையால் அதே மாதிரி அசிங்கமாக முறுக்கிப் போடு. அவர் பக்கத்தில் இருக்கும்போதே போடு.

குண்டூசி